ஆவாரங்குளம் ஸ்டேஷனின் குளியலறைத் தரை

ஆவாரங்குளம் காவல் நிலையத்துக் குளியலறையில் ஆறாவது ஆள் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட செய்தி வாட்ஸப்பில் வந்தபோது, சோலைச்சாமி குடித்துக்கொண்டிருந்த டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். விழுந்தவன் யார், எந்த ஊர், என்ன செய்து உள்ளே போனான் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தரையைப் போட்டவர் அவர்.

இருபத்தொன்பது வருஷமாக ராஜபாளையத்தில் டைல்ஸ் போடுகிறவர் சோலைச்சாமி. ஹால், அடுப்படி எல்லாம் எவனும் போடுவான். குளியலறை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால், அது யாரிடமும் வழி கேட்காமல் நேராக வடிகாலுக்குப் போய்ச் சேரும். கல்யாணமாகிப் போன பெண்கள் மாமியார் வீட்டுப் பாத்ரூமில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துப் பிறந்த வீட்டை நினைத்து அழுததாகக்கூட ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது சோலைச்சாமியேதான் என்பது வேறு விஷயம்.

ஸ்டேஷன் வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாரிச்சாமி. சோலைச்சாமியின் மனைவி வெள்ளத்தாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்த ஸ்டேஷனிலேயே ஏட்டு. எழுத்து வேலை முழுக்க அவர் கையில். புதுக் கட்டடம் திறந்த அன்று உயரதிகாரி ஒருவர் குளியலறையை எட்டிப் பார்த்து, "யாருய்யா போட்டது?" என்று கேட்டாராம். மாரிச்சாமி நெஞ்சை நிமிர்த்தி, "எங்க மாப்ளதாங்கய்யா" என்றாராம். குடும்பத்தில் அதைப் பற்றி இரண்டு வருஷம் பேசினார்கள்.

அதன் பிறகுதான் ஆட்கள் வழுக்கத் தொடங்கினார்கள். மூன்று வலது கை, இரண்டு இடது கை, ஒரு கால். ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் ஒரே வாசகம்: "மேற்படி நபர் குளியலறைக்குச் சென்றபோது தரை வழுக்கியதால் நிலைதடுமாறி விழுந்து எலும்பு முறிவு ஏற்பட்டது." கூடவே மாவுக்கட்டோடு ஒரு படம். கட்டுத்துணி பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாகவும் இருக்கலாம். அந்த வகையில் உள்ளூர்த் தொழிலுக்கு நஷ்டமில்லை.

அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம் என்பது ஊருக்கே தெரியும். சோலைச்சாமிக்கும் தெரியும். அவருடைய சித்தப்பா பட்டாளத்தில் இருந்தவர், சொந்தத்தில் நான்கு பேர் போலீசில் இருக்கிறார்கள். லத்தி என்ன கனம் என்பதைச் சிறுவயதிலேயே தூக்கிப் பார்த்தவர். ஆனாலும் "தரை வழுக்கியதால்" என்ற வரியை ஒருவன் ஆறு தடவை அச்சில் படித்தால், தெரிந்தவனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவேளை வாட்டம் கொஞ்சம் தப்பியிருக்குமோ? நான்காவது ஆள் விழுந்தபோதே அவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். வாட்டத்துக்கு நிற்க வேண்டிய கோட்டில் நின்ற குமிழைக் கண்ணாலே பார்த்துவிட்டு வந்தும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

டீக்கடையில் இதைப் பற்றி இரண்டு சித்தாந்தங்கள் நிலவின. ஒன்று வேல்பாண்டியுடையது, மற்றது விக்னேஷ்வரனுடையது. இருவரும் எதிரெதிர்க் கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தவர்கள். முதல் மூன்று பேர் வழுக்கியபோது வேல்பாண்டியின் கட்சி ஆட்சியில் இருந்தது. அப்போது அவர், "சட்டம் ஒழுங்குன்னா இப்படித்தாம்லே இருக்கணும். ரவுடிப் பயலுக்கு என்ன மனித உரிமை?" என்பார். "இது காட்டாட்சி. நாளைக்கு ஒனக்கும் வழுக்கும் பாரு" என்று விக்னேஷ்வரன் மேஜையைத் தட்டுவார். பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. நான்காவது ஆள் வழுக்கிய அன்று விக்னேஷ்வரன் அதே மேஜையைத் தட்டி, "ரவுடிப் பயலுக்கு என்னய்யா மனித உரிமை?" என்றார். வேல்பாண்டி கண் கலங்கி, "காட்டாட்சி" என்றார். இரண்டு பேரும் பெஞ்சில் இடம்கூட மாறி உட்காரவில்லை. இத்தனை பெரிய கருத்துப் பரிமாற்றம் ஒரு துளி டீ சிந்தாமல் நடந்து முடிந்ததைக் கடைக்காரர் மட்டும் கவனித்தார்.

ஆனால் இரு கட்சியும் ஒத்துப்போன இடம் ஒன்று இருந்தது. சோலைச்சாமி கடைக்குள் வந்தால் இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

"வாங்க சோலையண்ணே. ஒங்க தரைதாம்ணே இந்த மாவட்டத்துலயே நேர்மையான அதிகாரி. ஆளப் பாத்துத்தான் வழுக்குது" என்பார் வேல்பாண்டி.

"ஏட்டுக்கு வழுக்கல, இன்ஸ்பெக்டருக்கு வழுக்கல. எம்புட்டு வெவரமான டைல்ஸ்!" என்பார் விக்னேஷ்வரன்.

சோலைச்சாமியும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் கேலி செய்வார்கள்.

ஆறாவது விழுந்த மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஹயக்ரீவன் போன் செய்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு தேரடிக்குப் பக்கத்தில். கட்சி கிடையாது, கொள்கை மட்டும் உண்டு. போலீஸ் இரண்டு தட்டு தட்டினால்தான் நாடு உருப்படும் என்பது கொள்கை. அவரை ஒரு முறை ஹெல்மெட் இல்லாமல் போனபோது நிறுத்தி ஒரு காவலர் 'நீ' என்று பேசிவிட்டதற்காக மூன்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அதுவும் கொள்கைதான். அவர் வீட்டுக் குளியலறையைச் சோலைச்சாமி அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தது.

"சோலை, வேலையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமேன்னு பாக்கறேன்."

"ஏன் சாமி? டைல்ஸ்கூட எறக்கியாச்சே."

"இல்லப்பா, ஆத்துல வயசானவா இருக்கோம். நீ போட்ட எடத்துல ஆறு பேர் விழுந்திருக்கான்னு பேப்பர்ல போட்டிருக்கானே."

"சாமி, அது ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும், தெரியும். நன்னா குடுத்திருக்கா, பேஷ். இருந்தாலும் ஒரு யோசனைதான்."

சோலைச்சாமி போனை வைத்தார். யாரும் வழுக்கி விழவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் தரை வழுக்கும் என்றும் எல்லோரும் நம்பினார்கள். இந்த இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு ஊர் சௌகரியமாகத் தூங்கி எழுந்தது. அந்த மாதத்தில் மட்டும் அவர் கையைவிட்டு மூன்று குளியலறைகள் போயிருந்தன.

பேரைக் காப்பாற்ற அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மச்சானிடம் போய், ஸ்டேஷன் குளியலறையைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸாகப் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். இன்ஸ்பெக்டர் மகிழ்ந்துபோனார். காவல்துறைக்குப் பொதுமக்கள் ஒத்துழைப்பு என்று அதைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில்கூடப் போட்டார்கள்.

திங்கள், செவ்வாயில் பழையதைப் பெயர்த்தார். புதன்கிழமை மத்தியானம் புதுத் தரை முடிந்தது. புதிதாகப் போட்ட தரையில் முழுதாக ஒன்றரை நாள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது சோலைச்சாமி யாருக்காகவும் தளர்த்தாத சட்டம். கதவைச் சும்மா சாத்தினால் போலீஸ்காரர்கள் பழக்கதோஷத்தில் உள்ளே போய்விடுவார்கள். ஸ்டேஷன் பூட்டு துருப்பிடித்துக் கிடந்ததால், வீட்டிலிருந்து தன் பூட்டைக் கொண்டு வந்து போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

"வெள்ளிக்கெழம காலைல வந்து நானே தொறந்துவிடுதேன். அதுவரைக்கும் இன்ஸ்பெக்டர் அய்யாவா இருந்தாலும் அவசரம்னா வெளியதான்."

ஆவாரங்குளம் காவல்துறை இரண்டு நாளும் எதிரே இருந்த மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வந்தது.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்தக் குளியலறையில் ஏழாவது ஆள் வழுக்கி விழுந்தான்.

தளவாய்புரத்துப் பையன், பெயர் தனுஷ், வயது இருபத்திரண்டு. தேங்காய் வெட்டும் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னணியில் பாட்டுப் போட்டு, பைக்கில் நின்றபடி ஒரு வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். அரிவாள் மழுங்கல், பைக் அடுத்தவனுடையது, மீசை இன்னும் சரியாக வரவில்லை. இடது கையில் மாவுக்கட்டோடு, "நான் செய்தது தவறு, இளைஞர்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள்" என்று அவன் பேசும் இன்னொரு வீடியோ வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வந்துவிட்டது. முதல் வீடியோவை நாற்பது பேர் பார்த்திருந்தார்கள், இரண்டாவதை நாற்பதாயிரம் பேர். கீழே கைதட்டல் படங்கள் குவிந்தன. போட்டவர்களில் ஹயக்ரீவனும் உண்டு.

தனுஷ் வேல்பாண்டியின் தங்கச்சி மகன்.

வெள்ளிக்கிழமை காலை சோலைச்சாமி போய்ப் பூட்டைத் திறந்தார். தரைமேல் அவர் விட்டுப்போன பசைத்தூள் அப்படியே படிந்திருந்தது. வடிகாலைச் சுற்றிச் சாக்பீஸால் போட்ட வட்டம் அழியவில்லை. ஒரு கால்தடம் இல்லை, பல்லியுடையதுகூட. அவர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் போட்டதிலேயே நல்ல தரை அதுதான். அதில் ஒருத்தன் கை ஒடிந்ததாக முந்தின நாளே எழுதியாகிவிட்டது.

நான்கு நாள் கழித்து மாரிச்சாமி சோலைச்சாமி வீட்டுக்கு வந்தார். யூனிபார்ம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முகத்தைப் பார்த்தால் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் மாதிரி இருந்தார். தங்கை வைத்த காப்பியைத் தொடவில்லை.

"வேல்பாண்டி மனு மேல மனுவாப் போட்டுட்டான் மாப்ள. விசாரணை வருதாம். ஒன்னையும் கூப்புடுவாக."

"என்னையா? நான் என்ன செஞ்சேன்?"

"தரைய நீதான போட்ட? வழுக்குச்சா இல்லையான்னு கேப்பாக."

"மச்சான், அது பூட்டிக் கெடந்துச்சு. சாவி எங்கிட்ட இருந்துச்சு."

"தெரியும்லே."

"தெரிஞ்சா ஏன் அப்படி எழுதுனீக?"

மாரிச்சாமி கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்ப்யூட்டர்ல பழசு இருக்கும். பேர மாத்துவேன், வயச மாத்துவேன், எடக்கையா வலக்கையான்னு மாத்துவேன். மத்ததெல்லாம் அப்படியே நிக்கும். அன்னைக்கு நானே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துதான் ஒக்காந்து எழுதுனேன் மாப்ள. அப்பவும் கை தன்னால அடிச்சிருச்சு. நான் ஒருத்தனையும் தொட்டதில்ல. எழுதுனேன், அம்புட்டுத்தான்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"புதன்கெழமையே சாவியக் குடுத்துட்டேன்னு சொல்லிரு. ஒரு நாளுதான் முன்னப்பின்ன. எட்டு மாசம் மாப்ள. பென்ஷன்ல கைவெச்சுட்டாகன்னா நான் எங்க போவேன்?"

"சாவியக் குடுத்தேன்னா, புதுத் தரையிலயும் ஒருத்தன் விழுந்தான்னு ஆகுமே."

"ஒனக்குத் தரை பெருசாப் போச்சு" என்றார் மாரிச்சாமி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஒரு வாரம் ஆலோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வேல்பாண்டி தினமும் வந்தார். "அண்ணே, நீங்க இப்பச் சாதாரண ஆள் இல்ல. ஜனநாயகமே ஒங்க சாவியிலதான் இருக்கு. எங்க தலைமைக்கே சொல்லிட்டேன்" என்றார்.

"ஒங்க ஆட்சி இருந்தப்ப ஒருத்தன் காலு ஒடிஞ்ச படத்த எனக்கே அனுப்புனியப்பா. கீழ சிரிச்ச மூஞ்சியெல்லாம் போட்டிருந்த."

"அது வேறண்ணே, அவன் ரவுடி. இவன் எங்க வீட்டுப் பையன்" என்றார் வேல்பாண்டி, ஒளிவுமறைவில்லாமல். அரசியலில் இவ்வளவு நேர்மையான விளக்கம் அபூர்வம் என்பதால் சோலைச்சாமி மேற்கொண்டு கேட்கவில்லை.

விக்னேஷ்வரன் வேறு பக்கத்திலிருந்து வந்தார். "சோலையண்ணே, நீங்க தொழிலாளி. இந்த அரசியல் எதுக்கு? போலீஸ் கையக் கட்டிப்போட்டா நாளைக்கு நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ளைக வெளிய போக முடியுமா? ஒரு நாள மாத்திச் சொன்னா என்ன கொறஞ்சிரப் போகுது?"

"நாலு வருசம் முன்னால நீதானப்பா காட்டாட்சின்ன?"

"அது அந்த ஆட்சிண்ணே."

வெள்ளத்தாய், அண்ணன் குடிக்காமல் விட்ட காப்பித் தம்ளரைக் கழுவாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள்.

விசாரணை ஆவாரங்குளம் பஞ்சாயத்துக் கட்டடத்தில் நடந்தது. வெளி வராந்தா பெஞ்சில் தனுஷ் உட்கார்ந்திருந்தான். கையில் கட்டு, அதன்மேல் யாரோ பேனாவால் கட்சிக்கொடி வரைந்திருந்தார்கள். சோலைச்சாமியைப் பார்த்ததும் எழுந்தான்.

"மாமா, என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சாம்ல. வேல்பாண்டி மாமா சொல்லிச்சு. மன்னிச்சுக்கோங்க."

சோலைச்சாமி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். "ஒக்காருலே" என்றார். பிறகு, "வலிக்கா?" என்று கேட்டார்.

"ராத்திரியிலதான். மாமா, ஒண்ணு கேக்கவா? அந்த பாத்ரூம் டைல்ஸ் என்ன கலரு? உள்ள கேட்டாகன்னா எனக்குத் தெரியாது. நான் அதப் பாத்ததே இல்ல."

"சாம்ப கலரு" என்றார் சோலைச்சாமி. சொன்ன பிறகு, எதற்காகச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. "நீ தெரியாதுன்னே சொல்லு."

அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடியைக் கழற்றாமல் கோப்பையே பார்த்துப் பேசினார். ஓரத்தில் மாரிச்சாமி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க போட்ட தரை வழுக்குமா?"

"வழுக்காதும்மா."

"தண்ணி ஊத்தினா?"

"சோப்பு போட்டு ஊத்துனாலும் வழுக்காதும்மா. ஆனா அதில்ல விசயம்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"சரிம்மா. நீங்க கேக்காம விட்டா நான் சொல்லமாட்டேன். கேட்ருங்க. அந்தக் கதவு அன்னைக்குத் தொறந்திருந்துச்சான்னு கேட்ருங்க."

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்தார். சோலைச்சாமி மாரிச்சாமி பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்திருந்ததால்தான் பார்க்கவில்லை.

"பூட்டியிருந்துச்சும்மா. எம் பூட்டு. பொதன் மத்தியானத்துலருந்து வெள்ளி காலம்பற வரைக்கும் சாவி எம் அரைஞாணுல இருந்துச்சு" என்று சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இருபது நாளில் அறிக்கை வந்தது. அரசாங்கம் உண்மைக்கு ஒருபோதும் முகம் திருப்பியதில்லை; அதை ஏற்றுக்கொண்டு, உட்கார வேறு நாற்காலி போட்டுக் கொடுக்கும். குளியலறை பூட்டியிருந்தது ஐயமற நிரூபணமாகிறது என்றும், ஆகவே மேற்படி நபர் குளியலறைக்குப் போகும் வழியில் கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்புகையில் நடைபாதையில் வழுக்கி விழுந்ததாகத் திருத்தி வாசிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நடைபாதையில் சிமெண்டுத் தரை. அதைப் போட்ட கொத்தனார் செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. இடத்தைக் கவனக்குறைவாக எழுதியதற்காக ஏட்டு மாரிச்சாமிக்குக் குறிப்பாணை கொடுத்து, பிளவக்கல் அணைப் பக்கம் காவலுக்கு மாற்றினார்கள். அந்தச் சம்பவத்தில் தண்டனை பெற்ற காவல்துறை ஆள் அவர் ஒருவர்தான். கையை ஓங்காத ஆளும் அவர் ஒருவர்தான்.

வேல்பாண்டி தன் கட்சிக்கு வெற்றி என்று சுவரொட்டி ஒட்டினார். விக்னேஷ்வரன், குளியலறை வழுக்கல் என்ற பொய்ப் பிரச்சாரம் முறியடிக்கப்பட்டதாக அதற்குப் பக்கத்திலேயே ஒட்டினார். தனுஷின் கை கொஞ்சம் கோணலாகக் கூடியது.

வீட்டில் வெள்ளத்தாய் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எங்கண்ணன் இனி இந்த வாசப்படி ஏறாது. போன்ல சொல்லிருச்சு. ஒம்ம தரை பேரு மட்டும் நின்னுச்சு."

"தரைக்காகன்னா நினைக்க?"

"பொறவு? அந்தப் பையனுக்காகவா?"

சோலைச்சாமி குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் இல்லை போலிருந்தது. இரண்டும்தான் போலவும் இருந்தது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கவில்லை. ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

மறுவாரம் ஹயக்ரீவன் கூப்பிட்டார். சோலைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பழைய தரையைப் பெயர்த்து, மட்டம் பார்த்து, பசையைக் கலக்கி முதல் வரிசையைத் தொடங்கும் நேரம், ஹயக்ரீவன் நாற்காலியைக் குளியலறை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பேஷ் சோலை. ஒன் தரை வழுக்காதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுத்து. அதான் ஒடனே கூப்ட்டேன்."

"சாமி, அந்தப் பையன் நடைபாதையிலயும் வழுக்கி விழல."

"அது எல்லாருக்கும் தெரியுமேப்பா" என்றார் ஹயக்ரீவன், ஆச்சரியத்தோடு. இதையெல்லாம் ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வானா என்ற ஆச்சரியம் அது. பிறகு கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இருந்தாலும் அந்தக் காலத்துல இருந்த மாதிரி கண்டிப்பு இப்ப இல்ல, கேட்டியோ" என்று தொடங்கினார்.

எழுந்து போய்விடலாம் என்று சோலைச்சாமிக்கு ஒரு கணம் தோன்றியது. பசை கலக்கியாகிவிட்டது. அரை மணியில் இறுகிவிடும்; இறுகினால் சட்டியோடு தூக்கிப் போட வேண்டியதுதான். அவர் முட்டி போட்டு, அடுத்த டைலை எடுத்து அதன் முதுகில் தண்ணீரைத் தெளித்தார். பின்னால் ஹயக்ரீவன் பேசிக்கொண்டே இருந்தார்.